பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் காருக்கு இண்டர்கூலர்: புதுச்சேரி, கடலூர் பக்கம் கேட்கப்படும் கேள்விகள்

நம் பக்கத்தில் டர்போ வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைவுதான், ஆனால் அவற்றைப் பற்றிய கேள்விகளுக்குக் குறைவில்லை. கேட்பவர்கள் இரண்டு வகை. மாருதி 800, ஜென், கோவாவில் தயாரான ஃபைபர் பாடி சான் ஸ்டார்ம் மாதிரி எடை குறைந்த வண்டிகளுக்கு வெளியே டர்போ வாங்கிப் போட்டவர்கள் ஒரு வகை. பிரான்சில் குடியிருந்துகொண்டு அங்கே ரெனோ 5 ஜிடி டர்போ மாதிரி ஒரு காரை ஆசையாக வைத்திருக்கும் நம் ஊர்க் குடும்பத்துப் பிள்ளைகள் இன்னொரு வகை. லீவுக்கு ஊருக்கு வந்தால் பட்டறைக்கும் ஒரு நடை வந்து பேசிவிட்டுப் போவார்கள். வெயில் வேறு, பெட்ரோல் வேறு என்றாலும் வேலை ஒன்றுதான். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இண்டர்கூலர் உண்மையில் என்ன செய்கிறது?

காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். டர்போவும் காற்றை அழுத்துகிறது, அதனால் இஞ்சினுக்குப் போகும் காற்று கொதிக்கக் கொதிக்கப் போகிறது. டர்போவுக்கும் இஞ்சினுக்கும் நடுவில் ஒரு ரேடியேட்டரை வைத்து அந்தச் சூட்டை இறக்குவதுதான் இண்டர்கூலர்.

கணக்கோடு சொன்னால் தெளிவாக இருக்கும். கத்திரி வெயிலில் நம் ஊர்க் காற்று 38 டிகிரி என்று வையுங்கள். டர்போ கூடுதலாக ஏற்றும் அழுத்தம், அதாவது பூஸ்ட், 0.6 பார். பழைய சிறிய டர்போ, அதன் செயல்திறன் 65 சதவீதம். டர்போவிலிருந்து வெளியே வரும் காற்று ஏறத்தாழ 107 டிகிரியில் இருக்கும். ஓரளவு நல்ல இண்டர்கூலர் ஒன்று, ஏறிய சூட்டில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிடும். அப்போது இஞ்சினுக்குள் போவது 62 டிகிரி காற்று. இந்த 45 டிகிரி வித்தியாசத்தால் காற்றின் அடர்த்தி 13 சதவீதம் கூடுகிறது. ஆனால் கோருக்குள், அதாவது இண்டர்கூலரின் ஃபின் வைத்த நடுப்பகுதிக்குள், புகுந்து வரும்போது அழுத்தம் கொஞ்சம் குறையும். அது 0.07 பார் என்றால், கடைசியில் கையில் நிற்பது 8 சதவீதத்துக்குச் சற்று மேல்.

பவரை விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 62 டிகிரிதான். 107 டிகிரி காற்றில் சாதாரணப் பெட்ரோல் தானாகவே பற்றிக்கொண்டு வெடிக்கும், அதாவது இஞ்சின் தட்டும். டர்போ இஞ்சினில் அந்தத் தட்டல் சில நிமிடம் தொடர்ந்தாலே பிஸ்டன் ஓரம் உடையும், ஹெட் கேஸ்கட் போகும். நம் வெயிலில் இண்டர்கூலர் முதலில் இஞ்சினைக் காப்பாற்றுகிற பொருள். வேகம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கம்பெனியே வைக்கவில்லையே, நாம் எதற்கு வைக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. 1973இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போவில் இண்டர்கூலர் கிடையாது. 1975இன் முதல் போர்ஷே 930இல் கிடையாது. 1980இன் லோட்டஸ் எஸ்ப்ரி டர்போவிலும் கிடையாது. அவர்கள் சூட்டை வேறு வழியில் சமாளித்தார்கள்: கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் பிஸ்டன் கலவையை அழுத்தும் விகிதம்) குறைத்தார்கள், பூஸ்ட்டை அளவாக வைத்தார்கள், பெட்ரோலைத் தாராளமாக ஊற்றினார்கள். 2002 டர்போவின் கம்ப்ரெஷன் 6.9தான். பூஸ்ட் வராத நேரத்தில் அந்த வண்டி சோம்பலாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே கம்பெனிகள் பிறகு என்ன செய்தன என்று பாருங்கள். 1978இல் 930 இஞ்சினை 3.3 லிட்டர் ஆக்கியபோது போர்ஷே இண்டர்கூலரையும் சேர்த்தது. 260 குதிரைத்திறன் 300 ஆனது. 170 குதிரைத்திறன் இருந்த 924 டர்போ, இண்டர்கூலரோடு 924 கரேரா ஜிடி ஆனபோது 210க்குப் போனது. எஸ்ப்ரி 1989இல் தண்ணீரில் குளிர்விக்கும் சார்ஜ்கூலரோடு 264 குதிரைத்திறன் ஆனது. முதலில் இருந்தது 210. இந்த உயர்வு முழுவதும் இண்டர்கூலரால் வந்தது என்று நினைக்க வேண்டாம். இஞ்சின் அளவு, கம்ப்ரெஷன், இஞ்ஜெக்ஷன் என்று ஒவ்வொன்றிலும் வேறு மாற்றங்களும் சேர்ந்தே வந்தன. ஆனால் காற்று குளிர்ந்ததால்தான் அந்த மாற்றங்களை இஞ்சின் தாங்கியது.

போட்டதும் பூஸ்ட்டை ஏற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம். முதல் சில மாதம் பழைய பூஸ்ட்டிலேயே ஓட்டுங்கள். இண்டர்கூலர் தருகிற இடைவெளி கோடை மதியத்துக்காக வைத்திருக்க வேண்டிய இடைவெளி. ஜனவரி காலையில் திண்டிவனம் ரோட்டில் வண்டி நன்றாகப் போகிறதே என்று 0.2 பார் ஏற்றி விட்டால், அதே வண்டி மே மாதம் மதியம் இரண்டு மணிக்குத் தட்டும். சின்ன இஞ்சின்களில் ஹெட் போல்ட்டும் கேஸ்கட்டும் கிளட்சும் அந்தப் பழைய பூஸ்ட்டுக்கென்று அளந்து வைத்தவை. ஏற்றியே ஆக வேண்டும் என்றால் பெட்ரோல் அளவு, இக்னிஷன் டைமிங் இரண்டையும் டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பவரை அளக்கும் மெஷின்) பார்த்துச் சரி செய்த பிறகு ஏற்றுங்கள்.

எங்கே வைப்பது?

இந்த வேலையில் பாதி இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. எல்லோரும் கோரின் அளவைப் பற்றிக் கேட்கிறார்கள், பெரிதாக வாங்கட்டுமா என்கிறார்கள். கோருக்கு முன்னால் வரும் காற்றைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். கோரைத் தாண்டிய காற்று எந்த வழியாக வெளியே போகும் என்று கேட்பவர்கள் அபூர்வம். வெளியே வழி இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய கோர் வைத்தாலும் காற்று அதற்குள் நுழையாது. பக்கவாட்டில் வழிந்து போய்விடும்.

இஞ்சின் முன்னால் இருக்கும் வண்டியில் பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் வைப்பது வழக்கம். காற்று நன்றாகக் கிடைக்கும். ஆனால் ரேடியேட்டருக்குப் போவது இண்டர்கூலர் சுட்டு அனுப்பிய காற்றாகிவிடும். எடை குறைந்த கார்களில் ரேடியேட்டரே சின்னது. அதனால் ரேடியேட்டரை முழுக்க மறைக்கிற மாதிரி பெரிய கோர் போடாதீர்கள். கீழ்ப்பாதியை மட்டும் மறைக்கும் நீளமான, ஒடுக்கமான கோர் போதும். மேல்பாதிக்குச் சுத்தமான காற்று போகட்டும்.

கோரைச் சுற்றி இடைவெளி விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் குறை. பம்பர் வாயிலிருந்து கோர் வரைக்கும் அலுமினியத் தகட்டிலோ ஃபைபரிலோ ஒரு பெட்டி மாதிரி அடைத்து, ஓரத்தில் ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். அப்படி அடைத்துவிட்டால் முன் வாய் கோரின் பரப்பளவில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும். பம்பரை வெட்டிக் கிழிக்கத் தேவையில்லை. இரண்டு மாதம் தேடி வாங்கிய பெரிய கோரை விட, ஒரு மதியத்தில் வெட்டி ஒட்டிய தகடு அதிக டிகிரி இறக்கும்.

பானட்டில் ஸ்கூப் வைத்து இஞ்சின் மேலே வைப்பதும் உண்டு. பைப் நீளம் குறையும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஓடிக்கொண்டே இருந்தால் சரி. நேரு வீதியில் சாயங்காலம் ஊர்ந்தால் இஞ்சின் சூடு முழுக்க மேலே ஏறி இண்டர்கூலரையே சூடாக்கிவிடும். நம் டவுனுக்குள் ஓடும் வண்டிக்கு இதை நான் சொல்வதில்லை.

முன் சக்கர வளைவுக்குள், பனி விளக்குக்குப் பின்னால் சின்ன கோர் வைப்பது சிறிய வண்டிகளுக்கு நல்ல வழி. ரேடியேட்டரைத் தொடாது. சக்கரத்துக்கு முன்னால் உள்ள பிளாஸ்டிக் லைனரில் சாளரம் மாதிரி வெட்டி விட்டால் காற்று அந்த வழியாக வெளியேறும். ஓடும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறைவு என்பதால் தானாகவே இழுத்துக்கொள்ளும். கல் தெறிக்காமல் வலை போடுங்கள்.

ஃபைபர் பாடி வண்டியாக இருந்தால் கோரின் எடையைப் பாடியில் தொங்கவிடக் கூடாது. சேசிஸிலோ ரேடியேட்டர் தாங்கும் இரும்புச் சட்டத்திலோ பிராக்கெட் அடித்து, நடுவில் ரப்பர் புஷ் வைத்துப் பூட்டுங்கள். நேராக ஃபைபரில் போல்ட் போட்டால் அதிர்வில் துளையைச் சுற்றிக் கீறல் விடும்.

ஏசி வேண்டும். கண்டென்சர் முன்னால் இருக்கிறதே?

கண்டென்சர் (ஏசியின் சூட்டை வெளியே விடும் கோர்), இண்டர்கூலர், ரேடியேட்டர் என மூன்றையும் வரிசையாக அடுக்கினால் சின்ன வண்டி தாங்காது. சக்கர வளைவு இடத்துக்குப் போங்கள், இல்லையென்றால் அடுத்த கேள்வியில் உள்ள சார்ஜ்கூலர் வழி. எப்படிச் செய்தாலும் ரேடியேட்டர் ஃபேன் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஃபேனைச் சுற்றி இருக்கும் ஷ்ரவுட் உடைந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

தண்ணீர் சார்ஜ்கூலர் நம் ஊருக்குப் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் எல்லோருக்கும் இல்லை. இதில் காற்றின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. ஒரு சின்ன மின்சாரப் பம்ப் அந்தத் தண்ணீரை முன்னால் உள்ள தனி ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. லோட்டஸ் இந்த வழிக்குப் போனதில் ஆச்சரியமில்லை. எஸ்ப்ரியில் இஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, அங்கே நேர்க்காற்று கிடையாது. காற்றுப் பைப்பை முன்னால் வரைக்கும் இழுப்பதை விடத் தண்ணீர் ஹோஸை இழுப்பது சுலபம்.

இதன் பலம் குறுகிய நேரத்துக்கு. 120 குதிரைத்திறன் வண்டி முழு பூஸ்ட்டில் இழுக்கும்போது, 45 டிகிரி இறக்குவதற்கு ஏறத்தாழ 4 கிலோவாட் சூட்டை எடுக்க வேண்டும். சிஸ்டத்தில் 4 லிட்டர் தண்ணீர் இருந்தால், 10 விநாடி முழு ஆக்சிலரேட்டரில் தண்ணீர் 2.5 டிகிரிக்குள்தான் ஏறும். டவுனில் விட்டு விட்டு மிதிப்பவருக்கு இது அருமையான ஏற்பாடு. சர்க்யூட்டில் சுற்றிக்கொண்டே இருப்பவருக்குக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சூடேறிவிடும். முன் ரேடியேட்டர் பெரிதாக இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும்.

குறை என்றால் பம்ப். அது நின்றால் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது, காற்றுச் சூடு ஏறிக்கொண்டே போகும். பம்ப் போட்டால் அதற்கு ஒரு எச்சரிக்கை விளக்கும், தண்ணீர்ச் சூட்டுக்கு ஒரு மீட்டரும் கட்டாயம் வையுங்கள். போரிங் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம், அலுமினியத்தைத் தின்றுவிடும். கூலன்ட் கலந்த டிஸ்டில்டு வாட்டர்தான்.

சென்னை புதுப்பேட்டையில் டீசல் காரிலிருந்து கழற்றிய இண்டர்கூலர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், நானும் அதைத்தான் பலருக்குச் சொல்கிறேன். சின்ன டீசல் காரின் இண்டர்கூலர் அளவிலும் அழுத்தத்திலும் நம் வேலைக்குச் சரியாக வரும். ஆனால் அது ஏன் கழற்றப்பட்டது என்று யோசியுங்கள். டர்போ உடைந்த வண்டியிலிருந்து வந்திருந்தால், டர்போவுக்குள் சுழன்ற சின்னச் சக்கரத்தின் துணுக்குகள் கோருக்குள் உட்கார்ந்திருக்கும். அவை உங்கள் சிலிண்டருக்குள் போக ஒரு பூஸ்ட் போதும்.

கெரசின் ஊற்றி இரண்டு முனையையும் அடைத்து நன்றாகக் குலுக்கி, ஒரு வெள்ளைத் துணி மேல் கவிழ்த்துப் பாருங்கள். முதலில் கறுப்பு எண்ணெய் வழியும். அது எல்லா டீசல் கோரிலும் இருக்கும், பயப்பட வேண்டாம். துணியைப் பிழிந்து வெயிலில் பிடித்தால் சில சமயம் மினுமினு என்று அலுமினியத் தூள் தெரியும். தெரிந்தால் அந்தக் கோரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எத்தனை முறை கழுவினாலும் இடுக்கில் ஒன்று நிற்கும். தூள் இல்லை என்றால், கெரசின் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். எண்ணெய்ப் படலத்தோடு மாட்டினால் அந்த எண்ணெய் பெட்ரோலோடு கலந்து எரிந்து தட்டலைக் கூட்டும்.

இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க் வைத்து மடக்கியிருந்தால் அந்த மடிப்பில் கசிவு பாருங்கள். வாயை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்றால் முழு அலுமினியக் கோர்தான் வசதி; ஆர்கான் வெல்டிங் செய்பவர் வெட்டி ஒட்டித் தருவார். புதுச்சேரி மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் விசாரியுங்கள். வெல்டிங் முடிந்ததும் உள்ளே தெறித்த மணிகளைத் தட்டிக் கழுவி எடுக்காமல் மாட்டாதீர்கள்.

பைப் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? நீளமானால் லேக் வருமா?

1.4 லிட்டர் வரைக்கும் உள்ள இஞ்சினுக்கு 2 அங்குலப் பைப் தாராளம். 3 அங்குலம் போடுவது பார்வைக்குத்தான், இடத்தையும் தின்னும்.

லேக், அதாவது மிதித்த பிறகு பூஸ்ட் வரத் தாமதமாவது, பற்றிய பயம் அளவுக்கு மீறியது. ரெனோ 5 ஜிடி டர்போவின் 1397 சிசி இஞ்சினையே எடுத்துக்கொள்வோம். 3000 ஆர்.பி.எம்.மில் அது விநாடிக்கு ஏறத்தாழ 30 லிட்டர் காற்றை இழுக்கிறது. பைப்பும் கோரும் சேர்ந்து 3 லிட்டர் இடம் கூடியது என்றால், அதை 0.6 பாருக்கு நிரப்ப 1.8 லிட்டர் காற்று கூடுதலாக வேண்டும். விநாடியில் நூற்றில் ஆறு பங்கு நேரம்! கால் அதை உணராது. இண்டர்கூலர் போட்ட பிறகு வண்டி மந்தமாகிவிட்டது என்றால் பைப் நீளத்தைக் குறை சொல்லாமல் கசிவைத் தேடுங்கள். கூர்மையான வளைவுகளையும் குறையுங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை மடங்கும் பைப்பில் அழுத்தம் வீணாகும்.

பைப் முனையில் பீட், அதாவது ஹோஸ் நழுவாமல் பிடிக்கும் சின்ன மேடு, எடுப்பதை மறக்கவே கூடாது. வழவழப்பான பைப்பில் சிலிக்கான் ஹோஸை மாட்டி எவ்வளவு முறுக்கினாலும், எண்ணெய் ஈரம் பட்டதும் பூஸ்ட்டில் பிதுங்கி வந்துவிடும். லேத்தில் பீட் ரோல் செய்ய வசதி இல்லை என்றால், முனையைச் சுற்றி நான்கு இடத்தில் மணி மாதிரி வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். அதுவும் பிடிக்கும்.

என் வண்டி கார்புரேட்டர் வண்டி. இண்டர்கூலர் போடலாமா?

கார்புரேட்டர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டர்போவுக்குப் பிறகு கார்புரேட்டர் இருந்தால் போடலாம். ரெனோ 5 ஜிடி டர்போ அப்படித்தான். அதில் கம்பெனியே சின்ன இண்டர்கூலர் வைத்திருக்கிறது. டர்போவுக்கு முன்னால் கார்புரேட்டர் இருக்கும் பழைய கிட் வகை என்றால் போடவே கூடாது. பெட்ரோலும் காற்றும் கலந்து கோருக்குள் போகும், குளிர்ந்த கோரில் பெட்ரோல் படிந்து தேங்கும். ஒருமுறை பேக்ஃபயர் ஆனால், அதாவது இஞ்சினிலிருந்து தீ பின்னோக்கி அடித்தால், பம்பருக்குள் தீ. அந்த வண்டிகளில் முதலில் கார்புரேட்டர் ஏற்பாட்டையே மாற்ற வேண்டும்.

போடலாம் என்ற வண்டிகளிலும் ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை, பார்க்க வேண்டும். காற்று அடர்த்தியானால் அதே அளவு பெட்ரோலும் தானாகக் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கார்புரேட்டரில் அப்படி இல்லை. காற்றின் அடர்த்தி 8 சதவீதம் கூடினால் ஜெட் இழுக்கும் பெட்ரோல் 4 சதவீதம்தான் கூடும். மீதி 4 சதவீதம் லீனாக, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல், போகும், முழு பூஸ்ட்டில் லீன் என்பது பிஸ்டனுக்கு ஆபத்து. மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, புகையிலிருந்து கலவையைக் காட்டும் வைடுபேண்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள். முழு பூஸ்ட்டில் அதில் தெரியும் லாம்டா (1க்குக் கீழே என்றால் பெட்ரோல் தாராளம்) 0.8 பக்கம் இருக்கட்டும்.

கூடவே, பெட்ரோல் பம்பின் அழுத்தம் பூஸ்ட்டோடு சேர்ந்து ஏற வேண்டும். கார்புரேட்டருக்குள்ளேயே 0.6 பார் காற்று உட்கார்ந்திருக்கும்போது, சாதாரணப் பம்ப் பெட்ரோலைத் தள்ள முடியாது. பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் பூஸ்ட்டைக் காட்டும் சிக்னல் ஹோஸை இண்டர்கூலருக்குப் பிறகு, கார்புரேட்டர் பக்கத்தில் எடுங்கள். டர்போ வாயிலேயே எடுத்தால் கோரில் விழுந்த அழுத்தம் கணக்கில் வராது.

பங்கில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் பெட்ரோல். இதனால் என்ன?

நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. எத்தனால் தட்டலைத் தாங்கும், ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும். டர்போவுக்கு அது நல்லது. ஆனால் சுத்தப் பெட்ரோலுக்கு 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5தான். பழைய ஜெட்டிலேயே விட்டால் அதனாலும் லீன், இண்டர்கூலராலும் லீன். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். இண்டர்கூலர் போடும்போதே ஜெட்டையும் சேர்த்துப் பாருங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

பழைய ரப்பர் ஹோஸ், டயாஃப்ரம் எல்லாம் எத்தனாலில் ஊறிப் பிசுபிசுக்கும். டர்போவுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஹோஸ் கசிவது விளையாட்டல்ல. இஞ்சின் பக்கம் உள்ள எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் விட்டான் வகைக்கு மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மாதக் கணக்கில் நிறுத்தும் வண்டியில் டேங்கில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். ஆக்டேன் கூடிய பெட்ரோல் கிடைக்கும் பங்காகப் பார்த்து அதையே போடுங்கள்.

போட்ட பிறகு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. கோருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு தெர்மோகப்பிள் வையுங்கள். சென்னை ரிச்சி தெருவில் டிஜிட்டல் டிஸ்ப்ளேயோடு கிடைக்கும். டர்போ வாயில் ஒரு பூஸ்ட் மீட்டர், இன்டேக் பக்கம் ஒன்று. இந்த நான்கு எண்ணும் இருந்தால் இண்டர்கூலரைப் பற்றிய எல்லா வாக்குவாதமும் முடிந்துவிடும். அழுத்த வித்தியாசம் 0.1 பாரைத் தாண்டினால் கோர் சிறிது, அல்லது பைப் எங்கோ நசுங்கியிருக்கிறது. வெப்பம் இறங்கவில்லை, அழுத்தம் சரியாக இருக்கிறது என்றால் வெளிக்காற்று கோருக்குள் போகவில்லை. தகட்டையும் பீடிங்கையும் பாருங்கள்.

கசிவுக்கு வண்டியை ஓட்டத் தேவையே இல்லை. டர்போ வாயை டயர் வால்வு பொருத்திய ஒரு மூடியால் அடைத்து, சைக்கிள் பம்பால் 0.7 பார் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பெரும்பாலும் கிளாம்ப் காதின் அடியில், ஹோஸ் சரியாக வட்டமாக உட்காராத அந்தச் சின்ன இடத்தில்தான் நுரை கொப்பளிக்கும். கார்புரேட்டர் வண்டியில் அழுத்தம் ஏற்றும் முன் கார்புரேட்டர் பக்கத்தைக் கழற்றித் தனியாக அடைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மிதவை கெடும்.

முழு பூஸ்ட் சோதனையைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செய்யாதீர்கள். மரக்காணம் பக்கம் ரோடு காலியாகத் தெரிந்தாலும் ஊர்கள் ரோட்டை ஒட்டியே இருக்கின்றன; சைக்கிளும் ஆடும் குறுக்கே வரும். டைனோவில் பாருங்கள், அல்லது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே நடக்கும்போது கொண்டு போங்கள். ஓட்டி முடித்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுப்பொடி தூவியது மாதிரி புள்ளிகள் இருந்தால் இஞ்சின் தட்டியிருக்கிறது, காதுக்குக் கேட்காவிட்டாலும்.

கடல் காற்றில் கோர் அரிக்குமா?

அரிக்கும். கோட்டக்குப்பம், வீராம்பட்டினம், தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டி வண்டி நிறுத்துபவர்களுக்குச் சீக்கிரமே ஃபின்களில் வெள்ளைப் பொடி பூக்கும். வாரம் ஒருமுறை சாதாரணத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினாலே பாதி பிரச்சினை தீரும். பிரஷர் வாஷ் அடித்தால் ஃபின் மடங்கிக் காற்று அடைபடும். ஏசி காயில் கழுவும் காரமான திரவம் வேண்டாம். அலுமினியமும் இரும்பு போல்ட்டும் நேராகத் தொடும் இடத்தில்தான் அரிப்பு ஆரம்பிக்கும், நடுவில் ரப்பரோ நைலான் வாஷரோ வையுங்கள். கறுப்புப் பெயின்ட் அடிப்பதாக இருந்தால் மிக மெல்லியதாக ஒரு கோட், அவ்வளவுதான்.

மழையில் தண்ணீர் உள்ளே போய்விடாதா?

கோர் மேல் தண்ணீர் பட்டால் கெடுதல் இல்லை, இன்னும் நன்றாகக் குளிரும். உள்ளே இருப்பது மூடிய பைப். பயப்பட வேண்டியது ஏர் ஃபில்டரின் உயரத்துக்கு. இண்டர்கூலருக்கு இடம் விடுவதற்காக ஃபில்டரைக் கழற்றிக் கீழே பம்பர் மூலையில் வைப்பவர்கள் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரித் தெருக்களில் நின்ற தண்ணீரை நினைத்துப் பாருங்கள். அந்தத் தண்ணீரை ஃபில்டர் இழுத்தால் நேராகச் சிலிண்டருக்குப் போகும், கனெக்டிங் ராட் வளையும். ஃபில்டர் ஹெட்லைட் உயரத்துக்குக் கீழே வேண்டாம்.

ஆர்.டி.ஓ.வில் சிக்கல் வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இஞ்சினே மாறினால், வெளியிலிருந்து டர்போ போட்டால் அது தெளிவாகவே அந்தப் பிரிவுக்குள் வரும். டர்போ ஏற்கெனவே உள்ள வண்டியில் இண்டர்கூலர் சேர்ப்பது அந்த அளவு பெரிய மாற்றம் அல்ல. ஆனாலும் பி.ஒய். 01 வண்டியோ டி.என். 31 வண்டியோ, செய்வதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்து நடந்த பிறகு இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021இல் வந்த வின்டேஜ் பதிவு விதி இருக்கிறது. அதற்கு வண்டி தன் அசல் வடிவில் இருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் பாடியில் எதையும் வெட்டாதீர்கள், ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளிலேயே பிராக்கெட் பூட்டும்படி செய்யச் சொல்லுங்கள். கழற்றிய அசல் பைப், ஹோஸ், ஜெட், கிளாம்ப் வரைக்கும் ஒரு டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றிலும் எங்கே இருந்தது என்று சீட்டு கட்டி வையுங்கள். ஒரே நாளில் பழையபடி மாற்றிவிட முடிய வேண்டும்.